முப்பத்தோராம் அத்தியாயம்

முதலில் வந்தது மின்னல். வானத்தில் இல்லை, என் இடக்கண்ணின் ஓரத்தில், காதுப் பக்கமாக. மூன்றாம் வகுப்புக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். மழை வரப்போகிறது என்று ஜன்னல் பக்கம் திரும்பினேன். எருமப்பட்டியில் அன்றைக்கு வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

மறுநாள் கண்ணுக்குள் மிளகுத்தூள் தூவினது போலப் புள்ளிகள். பார்வையை எங்கே திருப்பினாலும் கூடவே வந்தன. ஈ என்று நினைத்து இரண்டு முறை கையை வீசினேன். பிள்ளைகள் சிரித்தார்கள்.

இதைப் படிக்கிற உங்களில் யாருக்காவது இந்த இரண்டும் தெரிந்தால், கட்டுரையை இங்கேயே மூடிவைத்துவிட்டுக் கண் டாக்டரிடம் போங்கள். மீதியை வந்து படித்துக்கொள்ளலாம். நான் அப்படிப் போகவில்லை. பன்னிரண்டு நாள் போகவில்லை. ஏன் போகவில்லை என்பதை எங்கள் வீட்டில் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இங்கே எழுதுவதில் பயமில்லை. எங்கள் வீட்டில் யாரும் இதைப் படிக்கப் போவதில்லை, அவர்கள் எதையும் படிப்பதில்லை.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே கிட்டப்பார்வை. கண்ணாடி சோடா பாட்டில் அடிப்பாகம் மாதிரி இருக்கும். வலக்கண் பிறவியிலேயே சோம்பேறி; ஆள் வருவது தெரியும், பஸ்ஸின் பெயர்ப்பலகை தெரியும், அச்செழுத்து தெரியாது. படிப்பதெல்லாம் இடக்கண்தான். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் புத்தகத்தை மூக்குக்கு அருகில் கொண்டுவந்து ஒற்றைக் கண்ணால் படிப்பேன். என் மாமியாருக்கு அதைப் பார்த்தாலே ஆகாது. "பொஸ்தகத்தை மோந்து பாக்கறா" என்று வீட்டுக்கு வரும் ஒறம்பரைக்காரர்களிடம் சொல்வார். ஒரு முறை தலைவலி என்று நான் படுத்ததற்கு, அந்த வாரப் பத்திரிகையை எடுத்து டிரங்குப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். தலைவலி போன பிறகும் சாவி வரவில்லை.

நாங்கள் நான்கு டீச்சர்கள் சேர்ந்து ஒரு வாரப் பத்திரிகை வாங்கினோம். ஆளுக்கு ஒரு நாள். நான்கு பேரும் படித்து முடிக்கும்வரை கதையைப் பற்றி யாரும் வாயைத் திறக்கக்கூடாது, அதுதான் சட்டம். பிறகு தொடர்கதைத் தாள்களை மட்டும் பிரித்தெடுத்துச் சேர்த்துவைப்போம். ஐம்பத்திரண்டு வாரம் முடிந்ததும் நாமக்கல்லில் கொடுத்து பைண்டு பண்ணுவோம். காலிகோ துணி போட்ட கெட்டி அட்டை. கமலம் டீச்சர்தான் எங்களில் மூத்தவர். பைண்டு பண்ணிய புத்தகங்கள் எல்லாம் அவர் பொறுப்பு. யார் எதைப் படித்துக்கொண்டிருக்கிறார்கள், பிடித்திருக்கிறதா, எந்த அத்தியாயத்தில் இருக்கிறார்கள் என்று மத்தியானச் சாப்பாட்டு மணிக்கு விசாரிப்பார். முடிவு தெரிந்தவர்கள் முகத்தை மூடிக்கொண்டு சிரிப்பார்கள்.

நான் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகி வருவதற்கு முன்பே ஒரு தொடர்கதை முடிந்திருந்தது. தேவகி என்று ஒரு பெண். அவள் அப்பா மலாயாவுக்குத் தோட்டக் கணக்கராகப் போனவர், கடிதம் நின்றுபோகிறது. அவரைத் தேடி அவள் தனியாகக் கப்பலேறிப் போகிறாள். மற்ற மூன்று பேரும் அதைப் படித்தவர்கள். அந்த பைண்டு புத்தகம் ஒரு மாதத்துக்கு என் கைக்கு வந்தது. மின்னல் தெரிந்த அன்று நான் எட்டாம் அத்தியாயத்தில் இருந்தேன்.

இப்போது புரிந்திருக்கும். கண்ணில் ஏதோ ஆகிறது என்று வீட்டில் சொன்னால் முதலில் நடப்பது ஆஸ்பத்திரி இல்லை. முதலில் நடப்பது டிரங்குப் பெட்டி. தேவகி நடுக்கடலில் நிற்கும்போது அவளைப் பூட்டிவைக்க எனக்கு மனம் வரவில்லை. முடித்துவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தேன். ஒரு நாளைக்கு எனக்குக் கிடைத்ததெல்லாம் பள்ளிக்கூடத்தில் அரைமணி, சோறு வேகும் நேரம் கால்மணி. இரண்டு அத்தியாயம் போவதே பெரிது. படித்துக்கொண்டே இருந்தேன். புள்ளிகள் கூடிக்கொண்டே இருந்தன.

பத்தாம் நாள் பக்கத்தின் கீழ்வரிகள் காணாமல் போயின. கறுப்புத் தண்ணீர் கீழேயிருந்து ஏறுவது போல இருந்தது. புத்தகத்தை மேலே தூக்கிப் பிடித்துப் படித்தேன். அப்படியும் ஒரு மனுஷிக்குப் புத்தி வரவில்லை என்றால் அவளை என்ன சொல்வது, நீங்களே சொல்லுங்கள்.

பன்னிரண்டாம் நாள் முப்பத்தோராம் அத்தியாயம். பினாங்குத் துறைமுகத்தில் தேவகி இறங்குகிறாள். கூட்டத்தில் ஒரு ஆள் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். தோள்பட்டை அப்பாவைப் போலவே இருக்கிறது. அவள் கூப்பிடுகிறாள். பக்கத்தைத் திருப்பினேன். எழுத்து இல்லை. தாள் இருந்தது, தாளைப் பிடித்திருந்த கட்டைவிரல் இருந்தது, நடுவில் ஒன்றும் இல்லை.

சேலத்தில் இருந்த ஒரு கண் ஆஸ்பத்திரிக்கு அவர் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். அவர் என்றால் என் வீட்டுக்காரர். கண்ணில் சொட்டு மருந்து விட்டு, பாவையை அகலமாக்கி, தலையில் விளக்கு மாட்டிய டாக்டர் அரைமணி நேரம் பார்த்தார். விழித்திரை விலகல் என்றார் (விழித்திரை என்பது கண்ணின் பின்சுவரில் ஒட்டியிருக்கும் மெல்லிய படலம். நாம் பார்ப்பதெல்லாம் அதில்தான் விழுகிறது. அதில் கிழிசல் விழுந்தால், கண்ணுக்குள் இருக்கும் நீர் கிழிசல் வழியாகப் பின்னால் போய்ப் படலத்தைச் சுவரிலிருந்து உரித்துவிடும்).

எத்தனை நாளாக என்று கேட்டார். இரண்டு நாள் என்றேன்.

அவர் விளக்கை அணைத்துவிட்டு என்னையே பார்த்தார். "டீச்சர், இது ரெண்டு நாள்ல ஆன வேலை இல்லை. நிஜமா எத்தனை நாள்?"

வீட்டுக்காரர் பக்கத்தில் நின்றார். நான் கவனிக்கவில்லை என்று சொன்னேன். முப்பத்திரண்டு வயதில், பிள்ளைகளுக்குப் பொய் சொல்லக்கூடாது என்று பாடம் எடுக்கிற ஒருத்தி, கண்ணைப் பார்க்கிற டாக்டரிடமே பொய் சொன்னேன்.

அப்போது வீட்டுக்காரர் கேட்டார், ரொம்பப் படித்ததனால் வந்ததா என்று. டாக்டர் தெளிவாகவே சொன்னார். படிப்பதால் இது வராது. கிட்டப்பார்வை அதிகமாக உள்ளவர்களுக்குப் படலம் மெலிந்து தானாகவே கிழியும். ஆனால் ஆபரேஷனுக்குப் பிறகு மூன்று மாதம் படிக்கக்கூடாது, கண் அசைந்தால் ஒட்டியது விட்டுப்போகும், குனியக்கூடாது, குடம் தூக்கக்கூடாது. இவ்வளவில் என் வீட்டுக்காரர் காதில் ஏறியது ஒன்றே ஒன்று. படிக்கக்கூடாது. அதைத்தான் அவர் எருமப்பட்டிக்கு எடுத்துக்கொண்டு போனார்.

ஆபரேஷன் செய்கிற டாக்டர் சென்னையிலிருந்து மாதம் இரண்டு முறை வருவார். அவர் வர நான்கு நாள் இருந்தது. அந்த நான்கு நாளும், ஆபரேஷனுக்குப் பிறகு பத்து நாளும், இரண்டு கண்ணிலும் கட்டுப் போட்டு, தலைக்கு இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைத்து மல்லாக்கப் படுக்கவைத்தார்கள். ஒரு கண்ணுக்கு வியாதி என்றால் இரண்டையும் ஏன் கட்டுகிறார்கள் என்று உங்களுக்கும் தோன்றும். ஒரு கண் அசைந்தால் இன்னொன்றும் கூட அசையும், அதனால்தான். சோறு ஊட்டிவிடுவார்கள். திரும்பிப் படுக்கக்கூடாது. தும்மக்கூடாது என்று கூட ஒரு நர்ஸ் சொன்னாள். அவளைத் தும்மாமல் இருந்து காட்டச் சொல்லலாம் என்று இருந்தது.

பகலில் அத்தைக்காரி ஒருத்தி துணைக்கு இருந்தாள். வீட்டுக்காரர் சேலத்தை ஒட்டிய கொண்டப்பநாயக்கன்பட்டியில் சொந்தக்காரர் வீட்டில் தங்கிக்கொண்டு காலையில் வருவார், ஏதாவது வேண்டுமா என்று கேட்பார், போய்விடுவார். எனக்கு வேண்டியது அவரிடம் இல்லை.

இருட்டில் கிடப்பதைவிடக் கொடுமை ஒன்று இருந்தது. பக்கத்துப் படுக்கையில் தாள் புரளும் சத்தம்.

அந்தப் படுக்கையில் இருந்தது ருக்மணி. சேலம் பக்கத்தில் இளம்பிள்ளை என்ற ஊர்க்காரி, வீட்டில் சேலைத் தறி. என்னைவிட நாலைந்து வயது பெரியவள். முகத்தை நான் பத்து நாளைக்கு மேல் பார்க்கவில்லை. குரலும் தாள் சத்தமும்தான். கண் அழுத்த நோய் என்று சொன்னாள் (கண்ணுக்குள் நீரின் அழுத்தம் கூடி, பார்வை ஓரங்களிலிருந்து உள்நோக்கிச் சுருங்கி வரும் நோய்). ஒரு கண்ணில் ஆபரேஷன் ஆகிக் கட்டுப் போட்டிருந்தார்கள். இன்னொரு கண்ணால் மாத நாவல் படித்துக்கொண்டிருந்தாள். அட்டையில் ரத்தமும் கத்தியும் போட்டிருக்குமே, அந்த மாதிரி.

நாலு மணி காப்பி வந்ததும் வார்டையே ஒரு சுற்று விசாரிப்பாள். யார் யார் என்ன கதை படித்துக்கொண்டிருந்தார்கள், நன்றாக இருந்ததா, எங்கே நின்றுபோயிற்று. புரை எடுத்துக்கொண்ட ஆத்தூர் அம்மாள் ஒருவர் ரேடியோ நாடகம்தான் கேட்பேன் என்றார். அதையும் விடாமல் கேட்டாள். டியூட்டி நர்ஸ் பதிவேட்டுக்கு அடியில் ஒரு குடும்ப நாவல் வைத்திருப்பதைக் கண்டுபிடித்து அவளிடமிருந்தும் கதையைக் கறந்தாள். என் முறை வந்தபோது தூங்குவது போலக் கிடந்தேன். கட்டுப் போட்ட முகத்தில் ஒரு வசதி, தூங்குகிறோமா இல்லையா என்று யாருக்கும் தெரியாது.

அவள் கதை சொல்கிற லட்சணம் இருக்கிறதே. "வக்கீல் ஊட்டுல கொலைங்க. கொன்னது தோட்டக்காரன். கடைசிப் பக்கத்துல போட்டிருக்குது. இனி எதுக்குக் கொன்னான்னு முதல்லேர்ந்து பார்க்கோணும்" என்றாள் ஒரு நாள். எந்தப் புத்தகம் வாங்கினாலும் முதல் வேலையாகக் கடைசிப் பக்கத்தைப் படித்துவிடுவாளாம். தொடர்கதை என்றால் முற்றும் என்று போடும்வரை பொறுத்திருந்து, அந்த ஒரு இதழை மட்டும் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிப் படிப்பாளாம்.

என்னால் பொறுக்க முடியவில்லை. அப்படிப் படிப்பவர்களைப் படிக்கிறவர்கள் என்றே நான் சேர்த்துக்கொள்ள மாட்டேன் என்று சொன்னேன். அதற்கு ஒரு புத்தகம் எதற்கு, கடைசித் தாளை மட்டும் கிழித்து வைத்துக்கொள்ளலாமே என்றும் சொன்னேன். ஆத்தூர் அம்மாள் மட்டும் இருமினார்.

ருக்மணி கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். தூங்கவில்லையா டீச்சர் என்று கேட்டாள். நான் என்ன படித்துக்கொண்டிருந்தேன் என்று கேட்டாள். வேறு வழியில்லாமல் தேவகியைச் சொன்னேன். கப்பல், மலாயா, அப்பா.

"அட, அந்தக் கதைங்களா! அதோட கடைசி வாரம் நான் படிச்சிருக்கறனுங்க டீச்சர். சொல்லட்டுங்களா?"

"சொன்னீங்கன்னா இந்த மணல் மூட்டையை எடுத்து உங்க மேல எறிஞ்சிருவேன்" என்றேன்.

எறிந்திருப்பேன். என் கண்ணை நான் அந்த முடிவுக்குத்தான் கொடுத்திருந்தேன். அதை ஒருத்தி காப்பி குடித்துக்கொண்டே, கொசுறு போல எனக்குப் போடுவதா?

ஆபரேஷன் மூன்று மணி நேரம். கிழிசலைக் குளிரால் உறையவைத்து ஒட்டி, கண்ணின் வெளிச்சுவரைச் சுற்றி ஒரு சிலிக்கான் பட்டை (ரப்பர் போன்ற நாடா) இறுக்கி வைத்தார்கள். அது இன்னும் என் கண்ணைச் சுற்றி இருக்கிறது, வெளியே தெரியாது. வலியைப் பற்றி எழுதப் போவதில்லை. எல்லோரும் எழுதுகிறார்கள். வலி போய்விடும்.

கட்டைப் பிரித்த அன்று டாக்டர் ஒரு அட்டையைப் பிடித்துக் காட்டினார். வெளிச்சம் இருந்தது. விரல் எண்ண முடிந்தது. பிறகு அவர் ஒரு நேர்க்கோட்டைக் காட்டி எப்படித் தெரிகிறது என்றார். நடுவில் நெளிகிறது என்றேன். வீட்டுக்காரர் மருந்துச் சீட்டோடு வெளியே போயிருந்த நேரம் பார்த்து, டாக்டர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"படலம் ஒட்டிக்கிச்சு. ஆனா நடுப்பகுதியும் உரிஞ்சு கிடந்தது, எழுத்துப் படிக்கிற இடம் அதுதான். முதல் நாளே வந்திருந்தா அதைத் தொடவிட்டிருக்க மாட்டோம். இனிமே எழுத்து கொஞ்சம் நெளியத்தான் நெளியும். மறுபடி உரியாதுன்னும் நான் கையெழுத்துப் போட்டுத் தர முடியாது."

நான் சரிங்க என்றேன். வேறு என்ன சொல்வது?

அன்று மத்தியானம்தான் ருக்மணியின் முகத்தைப் பார்த்தேன். ஒல்லியான முகம், மூக்குத்தி. புத்தகத்தை ஒரு கையில் பிடித்து, தலையை இடமிருந்து வலமாக நகர்த்தி நகர்த்திப் படித்தாள். ஒரு சமயத்தில் இரண்டு மூன்று வார்த்தைக்கு மேல் அவளுக்குத் தெரியவில்லை. குழாய்க்குள் பார்ப்பது போல என்று அவளே சொன்னாள். நான் பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்ததும் புத்தகத்தை மடியில் வைத்தாள்.

"ரெண்டு வருசம் முன்னாடியே டாக்டர் சொல்லிட்டாருங்க டீச்சர், இது போயிருமுன்னு. எந்தப் பக்கத்துல போகுமுன்னு தெரியாதுங்களே. அதுதான் கடைசியை முதல்ல பார்த்துக்கறது."

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்று இப்போது தெரிகிறது, அப்போதும் தெரிந்தது. வாய் வரவில்லை. அவள் முகவரியை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

வாடகைக் காரில், குலுங்காமல் மெதுவாக ஓட்டச் சொல்லி, வீட்டுக்குப் போனேன். இனி நான் சொல்லப்போவதைக் கேட்டு நீங்கள் கோபப்பட்டால் எனக்கு ஆறுதலாக இருக்கும்.

அந்த வருஷம்தான் எங்கள் தோட்டத்தில் கோழிக் கொட்டகை போட்டிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் எல்லோரும் கோழிக்கு மாறிக்கொண்டிருந்த காலம். நான் ஆஸ்பத்திரியில் இருந்தபோது முதல் குஞ்சுகள் வந்து இறங்கியிருந்தன. ஒரு நாள் வயதுக் குஞ்சுகளைத் தகர வளையத்துக்குள் விட்டு, மேலே பல்பு தொங்கவிடுவார்கள். கீழே உமி. உமியைத் தீவனம் என்று நினைத்துக் குஞ்சுகள் தின்றுவிடும் என்பதால், முதல் சில நாளைக்கு உமியின் மேல் காகிதம் விரிப்பார்கள். காகிதத்தின் மேல்தான் குருணை தூவுவது. நனைந்தால் எடுத்துப்போட்டுவிட்டு வேறு விரிக்க வேண்டும்.

குஞ்சுகளைப் பார்க்க வா என்று மாமியாரே ஆசையாகக் கூப்பிட்டார். போனேன். மஞ்சள் மஞ்சளாகக் கீச்சிட்டுக்கொண்டிருந்தன. குனியக்கூடாது என்பதால் வளையத்துக்கு வெளியே நிமிர்ந்து நின்று பார்த்தேன். காகிதத்தில் ஒரு படம் இருந்தது. கப்பல் தளத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண். தேவகி.

எச்சமும் குருணையுமாகக் கிடந்தாள். சுற்றிலும் எழுத்துகள் இருந்தன. என் உயரத்திலிருந்து அவை கறுப்புக் கோடுகள். குனிந்தால் கண் போகும், நிமிர்ந்து நின்றால் எழுத்து தெரியாது. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. ஒரு குஞ்சு அவள் முகத்தைக் கொத்திக்கொண்டிருந்தது.

கேட்டேன். பழைய பேப்பர் தீர்ந்துவிட்டதாம். அரிசிப் பானைக்குப் பின்னால் நான் ஒளித்துவைத்திருந்த புத்தகத்தை மாமியார் கண்டுபிடித்து எடுத்து வந்தாராம். என் வீட்டுக்காரர்தான் அரிவாளால் பைண்டிங்கை அறுத்தாராம். அதை அவரே சொன்னார், என் முகத்தைப் பார்க்காமல்.

"கண்ணைக் கெடுத்தது கோழிக்காச்சும் ஆவட்டுமுன்னு அம்மா சொல்லுச்சு. டாக்டரும் படிக்கக் கூடாதுன்னுட்டாரு. நானும் செரின்னுட்டேன்."

அது என் புத்தகம்கூட இல்லை, நான்கு பேருடைய பொதுப் புத்தகம் என்று சொன்னேன். படிப்பதால் இது வராது என்று டாக்டரே சொன்னார் என்று மாமியாரிடம் சொன்னேன். கதைப் பொஸ்தகம்தான் கண்ணைத் தின்றது, இது ஊருக்கே தெரியும் என்றார் மாமியார். அதற்கு மேல் நான் பேசவில்லை. ஏனென்றால் அவர் சொன்னதில் ஒரு சொட்டு உண்மை இருந்தது, அது எனக்கு மட்டும்தான் தெரியும். படித்ததனால் கண் போகவில்லை. படிப்பதற்காக ஒளித்ததனால் போயிற்று. ஒளிக்கவைத்தவர் அவர். ஒளித்தவள் நான். இதில் யாரை நான் திட்ட முடியும்? இரண்டு பேரையும் மனசுக்குள் திட்டினேன், மூன்று மாதம்.

கமலம் டீச்சர் ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்க வந்தார். புத்தகம் எங்கே என்று கேட்டார். சொன்னேன். முகம் சிவந்துவிட்டது.

"கண்ணு இப்படி ஆனது எனக்கும் வருத்தந்தானுங்க. அதுக்குன்னு ஒரு வருசம் சேர்த்த புஸ்தகத்தைக் கொண்டுபோய்க் கோழிக்குஞ்சுக்கா விரிப்பாங்க?"

நான் விரிக்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். வீட்டு ஆண்களை வெளியில் விட்டுக்கொடுக்கக்கூடாது என்று வளர்த்திருக்கிறார்களே, அந்தப் பாழாய்ப்போன பழக்கம். அவர் பழத்தை வைத்துவிட்டுப் போனார். அதோடு எங்கள் பத்திரிகை மூன்று பேருக்கானதாகிவிட்டது. அவரிடம் போய், துறைமுகத்தில் நின்றது அப்பாதானா என்று நான் எப்படிக் கேட்பேன்?

அந்த மூன்று மாதத்தில் உடம்பு எப்படி மாறும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். கழுத்துக்கு மேலே ஒரு நிறைகுடம் இருப்பது போல நடப்பீர்கள். மாடு முட்டும், பந்து வந்து விழும் என்று சும்மாவே பயப்படுவீர்கள். நேரம் போகாது. சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது நல்ல எண்ணம் ஒன்றும் வராது. பொறுமை வரும், தைரியம் வரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எனக்கு வந்ததெல்லாம் எரிச்சல். எரிச்சலாலும் பிழைத்துக்கொள்ளலாம். மருந்தை மட்டும் வேளை தவறாமல் விட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாம் மாதம் சேலத்தில் பரிசோதனை. டாக்டர் பார்த்துவிட்டு, இனி கொஞ்சம் கொஞ்சமாகப் படிக்கலாம் என்றார். வீட்டுக்காரர் கோழித் தீவனம் வாங்கப் போக வேண்டும் என்றார். நான் இளம்பிள்ளைக்குப் போய் ஒருவரைப் பார்த்துவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிடுகிறேன் என்றேன். யாரை என்று அவர் கேட்கவில்லை. அரிவாள் விஷயத்துக்குப் பிறகு அவர் என்னிடம் அதிகம் கேட்பதில்லை.

தறிச் சத்தம் தெருவெல்லாம் இருந்தது. ருக்மணி வாசலுக்கு வந்து, முகத்தை என் முகத்துக்கு நேரே நிறுத்திப் பார்த்தாள். அடையாளம் தெரியவில்லை. குரலைக் கேட்டதும்தான் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒரு கண் முழுக்கப் போயிருந்தது. இன்னொன்றில் ஒரு நாலணா அளவுக்குத் தெரிகிறதாம். இப்போது அவள் வீட்டுக்காரர்தான் தறியை விட்டு எழுந்து வந்து படித்துக் காட்டுகிறாராம். அவருக்குக் கடைசிப் பக்கம் படிக்கும் அளவுக்குத்தான் பொறுமையாம். சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

டீ குடித்தோம். பிறகு நான் கேட்டேன். கேட்பது எனக்குச் சுலபமாக இல்லை.

"அந்தத் தேவகி கதை. முடிவைச் சொல்லுங்க."

"மூட்டை கீட்டை ஒண்ணும் கையில இல்லீங்களே?" என்று கேட்டுவிட்டுச் சொன்னாள். அப்பா கிடைக்கவில்லை. தேவகி அங்கேயே தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்துவிடுகிறாள். கடைசி வரியில் துணி காயப்போடுகிறாள்.

"துணியா?"

"ஆமாங்க. ஒரு சேலை, ரெண்டு துண்டு. முற்றும்."

துறைமுகத்தில் நின்ற ஆள் யார் என்று கேட்டேன். அதெல்லாம் நடுவில் வருவது, தனக்குத் தெரியாது என்றாள். அவளுக்குக் கடைசி தெரியும், எனக்கு முப்பத்தொன்று வரை தெரியும். நடுவில் இருந்ததைக் கோழி மிதித்துவிட்டது.

ஒரு சேலை, இரண்டு துண்டு. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்த எரிச்சலில்தான் சொன்னேன். யாரிடமும் சொல்லாததை அவளிடம் சொன்னேன். மின்னல் தெரிந்ததை, எட்டாம் அத்தியாயத்தை, டிரங்குப் பெட்டியை, பன்னிரண்டு நாளை, டாக்டரிடம் சொன்ன பொய்யை. முடித்துவிட்டுப் போகலாம் என்று இருந்ததை.

ருக்மணி டம்ளரைக் கீழே வைத்தாள். அவள் எனக்காக அழுவாள் என்றோ, பரவாயில்லை என்பாள் என்றோ நான் நினைத்திருக்க வேண்டும். அவள் அப்படிப்பட்டவள் இல்லை.

"நானா இருந்தா டீச்சர், முதல் நாளே கடைசிப் பக்கத்தைப் பார்த்துட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பனுங்க."

தறிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு, அப்பாவைத் தேடி அந்தப் பெண் ஏன் தனியாகக் கப்பலேறினாள், வீட்டில் எப்படி விட்டார்கள் என்று அவள் கேட்டாள். முதல் அத்தியாயத்திலிருந்து சொன்னேன். பஸ்ஸைத் தவறவிட்டேன். அடுத்த பஸ்ஸுக்கும் அவள் விடவில்லை.

இது நடந்து ஆறு வருஷம் ஆகிறது. காலையில் எழுந்ததும் வலக்கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, இடக்கண்ணால் கதவு நிலையைப் பார்க்கிறேன். நடுவில் நெளிகிறது. நேற்று எவ்வளவு நெளிந்ததோ அவ்வளவுதானா என்று பார்க்கிறேன். அவ்வளவுதான் என்றால் அன்றைய நாள் என்னுடையது. அதற்குப் பிறகுதான் அடுப்புப் பற்றவைப்பது. உங்களுக்கும் இந்த வியாதி என்றால் நீங்களும் பாருங்கள். கூடுதலாக நெளிந்தால் அன்றைக்கே கிளம்புங்கள், கையில் இருப்பது எந்த அத்தியாயமாக இருந்தாலும் சரி.

படிக்கிறேன். எழுத்துகள் நடுவில் சறுக்கும், நிமிர்த்திப் பிடித்துப் படிக்கிறேன், வீட்டில் எல்லோரும் பார்க்கிற இடத்தில் உட்கார்ந்து. தொடர்கதை தொடுவதில்லை. அடுத்த வாரம் என்று ஒருவன் என்னிடம் சொல்வதை என்னால் சகித்துக்கொள்ள முடியவில்லை. முழுப் புத்தகம்தான். வாங்கியதும் கடைசிப் பக்கம்.

கமலம் டீச்சர் ஒரு வருஷம் கழித்துப் பேச ஆரம்பித்தார். மத்தியானத்தில் பழையபடி எல்லோரும் உட்கார்ந்து, யார் என்ன படிக்கிறார்கள் என்று பேசிக்கொள்கிறோம். என் முறை வந்தால் மட்டும் மூன்று பேரும் காதைப் பொத்திக்கொள்கிறார்கள்.